சிப்பாயைப் பிடித்துவைத்தால் குதிரை போகும்

நாகர்கோவில் பக்கம் சிறுவர் செஸ் போட்டி எதற்காவது போய் மேசைகளைச் சுற்றி வந்தால், ஒரு போர்டிலாவது குயின்ஸ் காம்பிட் என்ற தொடக்கம் ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளை டி4, கறுப்பு டி5, வெள்ளை சி4; கட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் அங்கே ஒரு சிப்பாய் நகர்கிறது என்று அர்த்தம். அந்த சி4 சிப்பாய்க்குக் காவல் இல்லை. சும்மா கிடக்கிறதே என்று கறுப்பு வெட்டிவிடும்.

வெட்டுவது தப்பில்லை. டி5 சிப்பாய் நடுவை விட்டு விலகினால் இ4 கட்டத்துக்குக் காவல் குறையும், அங்கே இன்னொரு சிப்பாயை நிறுத்தலாம் என்பதே வெள்ளையின் கணக்கு. அதைச் சமாளிக்கலாம். வெட்டியதை விடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போதுதான் வினை.

வெள்ளை இ3 ஆடுகிறது; மந்திரிக்கு வழி திறந்து சி4-க்குக் குறி. கறுப்பு பி5 ஆடி சிப்பாயைத் தாங்குகிறது. அந்தத் தாங்கலையே வெள்ளை ஏ4 என்று இடிக்க, கறுப்பு சி6. பி5-இல் வெள்ளை வெட்டுகிறது, சி6 சிப்பாய் திருப்பி வெட்டுகிறது. இப்போது ஏ8 மூலையிலிருந்து எச்1 வரை போகும் சாய்கோட்டைப் பாருங்கள். பி7, சி6, டி5 மூன்றும் காலி. அடைத்து நின்ற கறுப்புச் சிப்பாய்களெல்லாம் பேராசையில் கிளம்பிப் போயாயிற்று.

வெள்ளை ராணி எஃப்3.

ராணியின் பார்வை நேராக ஏ8 யானை மேல். யானைக்கு நகர இடமில்லை: பக்கத்தில் சொந்தக் குதிரை, முன்னால் சொந்தச் சிப்பாய். குதிரையை சி6-க்குக் கொண்டுவந்து மறைத்தால் ராணி செக்கோடு அதை எடுக்கும். மந்திரியை பி7-இல் வைத்தால் அதுவும் போகும். ராணியை டி5-இல் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆறு நகர்த்தலில் கதை முடிந்தது.

“மக்ளே, எடுத்தத அவனுக்கே குடுத்துருடே” என்று பயிற்சியாளர்கள் சொல்லத்தான் செய்கிறார்கள். போட்டியில் யாருக்கு ஞாபகம் வருகிறது!

வெட்டாமலே ஆடவும் செய்யலாம். 2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் 3-ஆவது ஆட்டத்தில் அப்போதைய சாம்பியனான சீன வீரர் டிங் லிரென் அப்படித்தான் இ6 வைத்து நடுவைத் தாங்கினார். அந்த ஆட்டத்தில் ஜெயித்தது என்னவோ குகேஷ்தான். வெட்டியே தீருவேன் என்றால், வெள்ளையின் இ3-க்கு பி5 ஆடாமல் இ5 ஆடுங்கள். சி4 சிப்பாயை மந்திரி எடுத்துக்கொள்ளட்டும். கறுப்பு டி4-இல் வெட்டும், வெள்ளை இ சிப்பாயால் திருப்பி வெட்டும். அப்புறம் வெள்ளையின் டி4 சிப்பாய் பக்கத்துணை இல்லாமல் தனியாக நிற்கும். அதைத் துரத்த கறுப்புக்கு முழு ஆட்டமும் இருக்கிறது.