விலகிய பங்காளரும் விலகாத கடனும்

இந்த மாதமும் ஒருவர் அதே மாதிரிக் கடதாசியுடன் வந்து அமர்ந்தார். "இன்றுமுதல் கடையின் சகல கடன்களுக்கும் முதலாம் பங்காளரே பொறுப்பு" என்று நான்கு வரி, கீழே முத்திரை, இரண்டு சாட்சிகளின் ஒப்பம். மறு கையில் நீதிமன்ற அழைப்பாணை. கட்டடப் பொருட் கடையிலிருந்து விலகியவர் அவர். சீமெந்து கொடுத்த மொத்த வியாபாரி இரு பங்காளர்களையும் எதிராளிகளாக்கியிருக்கிறார். "நான்தான் எழுதி வாங்கிவிட்டேனே, ஐயா?" என்றார்.

யாழ்ப்பாணத்தில் இன்னும் எத்தனை பேருக்கு இதைச் சொல்வது! அந்தக் கடதாசி உங்களுக்கும் உங்கள் பங்காளருக்கும் இடையிலானது. கடன் கொடுத்தவர் அதில் ஒப்பமிட்டாரா? இல்லை. நீங்கள் இருவரும் பேசி முடித்ததால் மூன்றாம் ஆளின் உரிமை குறைந்துபோகாது. எவ்வளவு கெட்டிக்கார நொத்தாரிசு எழுதினாலும் இதுதான் நிலை. கடனைக் கட்டிவிட்டு, அந்தக் கடதாசியைக் காட்டிப் பங்காளரிடம் திருப்பிக் கேட்கலாம், அவரிடம் அப்போது ஏதாவது மிஞ்சியிருந்தால். விலகுமுன் ஏற்பட்ட கடனிலிருந்து உங்களை விடுவிக்கக் கடன் கொடுத்தவரும் சம்மதிக்க வேண்டும். இங்கே இன்றும் பின்பற்றப்படும் 1890 ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டம் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது.

என்னை அதைவிட வருத்துவது விலகிய பின் ஏறும் கடன். இவருடைய வழக்கில் கடனுக்குச் சரக்குக் கொடுத்த மூன்று சிட்டைகள், அவர் விலகி நான்கு மாதங்களுக்குப் பின் எழுதப்பட்டவை. சரக்குக் கேட்டு அனுப்பிய கடிதங்களின் தலைப்பில் இரண்டு பெயர்களும் அப்படியே இருந்தன. வியாபாரியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பழைய கொடுக்கல் வாங்கல் உள்ளவர், அறிவிக்கப்படும்வரை உங்களைப் பங்காளராகவே எண்ணலாம். பத்திரிகையில் விளம்பரம் போட்டேன் என்பது அவரிடம் செல்லாது.

கம்பனியின் பங்குகளை வாங்குவோரும் கவனியுங்கள். ஆள் மாறினாலும் கம்பனி மாறுவதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதமும் தொழில் தருநரின் 12 வீதமும் கட்டாமல் விட்டிருந்தால், அந்த நிலுவை மிகைக் கட்டணத்துடன் கம்பனியின் தலையிலேயே இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த காசை நம்பிக் கொடுக்குமுன் அந்தப் பதிவேடுகளைப் பாருங்கள்.

விலகுகிறீர்களா? கடன் கொடுத்தவர்களின் பட்டியலை முதலில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் பதிவுத் தபாலில் அறிவித்துப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பெரிய தொகைக்காரரிடம் விடுவிப்பை எழுத்தில் வாங்குங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவை மாற்றுங்கள், பழைய கடிதத் தாள்களை அழியுங்கள். வங்கியில் ஒப்பத்தை நீக்குவது மட்டும் போதாது, நீங்கள் கொடுத்த தனிப்பட்ட பிணையையும் காணி ஈட்டையும் எழுத்தில் விடுவிக்கக் கேளுங்கள். தயவுசெய்து, கடதாசியில் ஒப்பமிடுமுன் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். அழைப்பாணை வந்துவிட்டால் அதை லாச்சிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். குறித்த திகதியில் மன்றுக்கு வராதவருக்கு எதிராக ஒருதலைப்பட்சமாகவே தீர்ப்பாகிவிடலாம்.