"என் பிள்ளைக்கு இரக்கமே இல்லையா?": பெற்றோர் நிரப்பும் ஒரு கேள்வித்தாள் பற்றி

இப்போதெல்லாம் சில பெற்றோர் பிள்ளையைக் காட்ட என்னிடம் முதல் தடவை வரும்போதே கையில் ஒரு பிரின்ட்-அவுட் இருக்கிறது. பிள்ளைக்கு இரக்கம், குற்ற உணர்வு எவ்வளவு என்று கேட்கும், இணையத்தில் கிடைத்த கேள்வித்தாளை ராத்திரியோடு ராத்திரியாக நிரப்பி, மதிப்பெண்ணையும் கூட்டி வட்டம் போட்டிருப்பார்கள். கேட்பதும் அநேகமாக ஒரே கேள்விதான்: "இவன் பெரியவன் ஆனா சைக்கோ ஆயிடுவானா மேடம்?"

அந்தத் தாளால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கசக்கிப் போடவும் வேண்டாம்.

தப்பு செய்தாலும் குற்ற உணர்வு வருவதில்லை. அடுத்தவர் வலி உறைப்பதில்லை. படிப்போ விளையாட்டோ, எதில் பின்தங்கினாலும் கவலை இல்லை. உணர்ச்சி மேலோட்டமாக வந்து போகிறது. இவற்றைத்தான் 'காலஸ் அன்எமோஷனல்' குணங்கள் என்கிறோம். இது தனி நோய் அல்ல. மனநலக் கோளாறுகளை வகைப்படுத்த 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு, நடத்தைக் கோளாறு (அடுத்தவரைத் துன்புறுத்துவது, விதிகளை மீறுவது தொடர்ந்து நடப்பது) இருப்பது உறுதியான பிள்ளைகளுக்குக் கூடுதலாகச் சேர்க்கும் ஒரு குறிப்பாகவே இதை வைத்திருக்கிறது. அதற்கும் இந்த நான்கில் இரண்டு குணங்களாவது, குறைந்தது 12 மாதமாக, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலும் உறவுகளிலும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் மட்டும் முரண்டு பிடிக்கும் பிள்ளை இந்தக் கணக்கில் வராது.

அதிகம் புழங்கும் கேள்வித்தாளை 2004-இல் அமெரிக்க உளவியலாளர் பால் ஃப்ரிக் உருவாக்கினார். 24 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 (கொஞ்சமும் இல்லை) முதல் 3 (முழுக்க உண்மை) வரை, மொத்தம் 72. இதில் பாதி வாக்கியங்கள் நல்ல குணத்தைச் சொல்பவை. அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டுத்தான் (0-ஐ 3 ஆக, 3-ஐ 0 ஆக) கூட்ட வேண்டும். வீட்டில் தாங்களே கூட்டிப் பார்த்தவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பாசமான பிள்ளைக்கு எண் ஏறிப்போய், அம்மா தூக்கம் இழந்து வந்து உட்கார்ந்திருப்பார். சரியாகக் கூட்டினாலும், இத்தனைக்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கோடு கிடையாது. சுகர் டெஸ்ட் ரிசல்ட்டைப் படிப்பது போல இதைப் படிக்க முடியாது.

அதைவிட முக்கியம், யார் நிரப்புகிறார்கள் என்பது. நான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தனித்தனித் தாள் கொடுத்து, தனித்தனியாக உட்காரவைப்பேன். ஒரு குடும்பம், அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். பையனுக்கு எட்டு வயது. தன் உணர்ச்சிகளை வெளியே காட்டுவான் என்ற வாக்கியத்துக்கு அம்மா 'கொஞ்சமும் இல்லை' என்று போட்டிருந்தார். அப்பா 'முழுக்க உண்மை' என்று போட்டிருந்தார். கேட்டால், "கோவப்படுறானே, அதுவும் உணர்ச்சிதானே?" என்கிறார். ரெண்டு பேர் சொல்வதும் பொய் இல்லை. இந்த மாதிரி இடங்களில் எண்ணை விட்டுவிட்டு நடந்ததைக் கேட்பேன்.

"தங்கச்சி கீழே விழுந்தப்போ என்ன செஞ்சான்?"

"பார்த்துக்கிட்டே நின்னான் மேடம். ஒரு சொட்டுக் கண்ணீர் வரல."

"அப்புறம்?"

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ராத்திரி அவ பாயில போய்ப் படுத்துக்கிட்டான். கட்டு அவிழ்ந்துடக் கூடாதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டே தூங்கினான்."

இது எந்தக் கட்டத்தில் டிக் அடித்தாலும் வராத தகவல். "ஆம்பளப் பிள்ளை அழக் கூடாது" என்று மூன்று வயதிலிருந்து சொல்லி வளர்த்துவிட்டு, எட்டு வயதில் அவன் அழவில்லை என்று 3 போடுகிறோம்.

பெற்றோர், ஆசிரியர் என்று பிள்ளையை வேறு வேறு இடத்தில் பார்ப்பவர்கள் சொல்வது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று 1987-இல் தாமஸ் ஆக்கன்பாக்கும் உடன் இருந்தவர்களும் நிறைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரித் தொடர்பு சுமார் 0.28 (முழுக்க ஒத்துப்போனால் 1). ரொம்பக் குறைவுதான். ஒரே பிள்ளையின் வேறு வேறு முகத்தை ஆளுக்கொன்றாகப் பார்க்கிறார்கள் என்பதே காரணம். அதனால்தான் ஆசிரியர் நிரப்பிய தாளும், பிள்ளையோடு நேரில் பேசுவதும் இல்லாமல் நான் எதையும் எழுதித் தருவதில்லை.

உயர்ந்த எண்ணுக்குப் பின்னால் வேறு விஷயங்களும் ஒளிந்திருக்கும். அடி, மிரட்டல், வீட்டில் தினம் சண்டை என்று வளர்ந்த பிள்ளை உணர்ச்சியை மரத்துப்போக வைத்துத்தான் தப்பிக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அடுத்தவர் மனதில் ஓடுவதைப் படிப்பதில் சிரமம். புரியவைத்தால் பல நேரம் உள்ளபடியே வருந்தும். காலஸ் குணம் உள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் புரிந்துவிடும், ஆனால் உறைக்காது. தாளில் இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம். மனச்சோர்வில் இருக்கும் பெற்றோருக்குப் பிள்ளையின் நல்லது கண்ணில் படாமல் போவதும் உண்டு.

இவ்வளவு சிக்கல் இருந்தும் நான் இதை ஏன் பயன்படுத்துகிறேன் என்றால், வைத்தியத்தின் திசை இதனால் மாறுகிறது. ஆஸ்திரேலியாவில் டேவிட் ஹாஸ், மார்க் டாட்ஸ் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் குணங்கள் அதிகம் இருந்த சிறுவர்களிடம் 'டைம்-அவுட்' (கொஞ்ச நேரம் தனியே உட்காரவைப்பது) தண்டனை அவ்வளவாக எடுபடவில்லை. நல்லது செய்தபோது பாராட்டி ஊக்குவித்தது மற்றப் பிள்ளைகளைப் போலவே அவர்களிடமும் வேலை செய்தது. 2016-இல் அமெரிக்காவில் 561 தத்துக் குடும்பங்களை வைத்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பெற்ற தாயிடம் சமூக விரோதப் போக்கு இருந்தால் பிள்ளைக்கும் இந்தக் குணம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் தத்தெடுத்த தாய் 18 மாதக் குழந்தையை அடிக்கடி பாராட்டி ஊக்கப்படுத்திய வீடுகளில் அந்தத் தாக்கம் தணிந்திருந்தது. ரத்தத்தில் வந்ததை மாற்ற முடியாது என்று கைவிரிப்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். "முட்டி போட வை, பெல்ட்டை எடு" என்ற வழி இந்தப் பிள்ளைகளிடம் எடுபடாது, உள்ளதையும் கெடுக்கும்.

ஏற்கெனவே நிரப்பிவிட்டீர்களா? சரி, எடுத்து வாருங்கள். ஒவ்வொரு 3-க்கும் பக்கத்தில் நடந்த ஒரு சம்பவத்தை எழுதி வாருங்கள். அதற்கு மாறாக நடந்துகொண்ட நாள் இருந்தால் அதையும். எண்ணைப் பிள்ளை முன்னால் பேசாதீர்கள், உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.