புள்ளியைத் தின்ற பனர்

அம்பாறையில் திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி படம் அனுப்பியிருந்தார். அம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்காக அவர்களுடைய கழகம் சந்தியில் கட்டிய பனர் அது. கடும் நீலத்தின் மேல் கடும் சிவப்பில் எழுத்து. "அண்ணே, கொம்பியூட்டரில பார்க்கப் பளிச்செண்டு இருந்தது. கட்டினாப் பிறகு ஒருத்தராலயும் வாசிக்க ஏலாம இருக்கு. அச்சகத்துப் பிழையா?" என்று கேட்டிருந்தார்.

அச்சகத்துக்காரர் பாவம், கொடுத்ததை அடித்துக் கொடுத்திருக்கிறார். டிசைன் என்றால் கைவந்த கலை, சிலருக்குத்தான் வரும் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் அதில் பாதி, கண் எப்படி வேலை செய்கிறது என்ற விஞ்ஞானம்.

மற்ற அடிப்படைகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றோடொன்று சேர்ந்த விசயங்களைக் கிட்ட வையுங்கள். திகதியும் நேரமும் ஓரிடத்தில், அனுசரணையாளர் பெயர்கள் இன்னோரிடத்தில். கிட்ட இருப்பவற்றை நாம் ஒரே கூட்டமாகப் பார்க்கிறோம் என்று மக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1923இலேயே எழுதிவிட்டார். வரிகளின் இடது ஓரம் ஒரே கோட்டில் நிற்கட்டும். முக்கியமானது பெரிதாக இருக்கட்டும். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று எல்லாப் பெயரையும் பெரிதாக்கினால், சடங்கின் முடிவில் வரும் திருக்குளிர்த்தி என்றைக்கு என்பது எங்கோ மூலையில் போய் ஒளிந்துகொள்ளும். சரி, இனி நிறத்துக்கு வருவோம்.

விழித்திரையில் நிறம் அறியும் கூம்புகள் மூன்று வகை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்த மூன்றும் சமபங்கு வேலை செய்வதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. நீல ஒளிக்கான கூம்புகள் மொத்தத்தில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. எழுத்து வாசிக்க நாம் பயன்படுத்தும், விழித்திரை நடுவில் உள்ள சின்னப் பள்ளமான நடுக்குழியின் மையத்தில் அவை அநேகமாக இல்லவே இல்லை. எந்த இடம் எவ்வளவு வெளிச்சம், விளிம்பு எங்கே முடிகிறது என்ற செய்தியை மூளைக்கு அனுப்புவது பெரும்பாலும் மற்ற இரண்டு வகையின் கூட்டுத்தொகை. நிறம் பற்றிய செய்தி வேறு வழியில் போகிறது, அதுவும் நுணுக்கமில்லாமல், பட்டும் படாமலும்.

உங்கள் போனே இதை வைத்துத்தான் உங்களை ஏமாற்றுகிறது. வட்சப்பில் வரும் ஜேபெக் படங்களில் பெரும்பாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்ச அளவு தனியாக இருக்கும். நிறம் மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றுதான். முக்கால்வாசி நிறத் தகவலை வீசிவிட்டுப் படத்தை அனுப்புகிறார்கள், நாமும் "என்ன கிளியர்!" என்கிறோம்.

திரையில் வெள்ளையின் வெளிச்சத்தை 100 என்று வைத்தால் அதில் பச்சையின் பங்கு 72, சிவப்பு 21, நீலம் வெறும் 7. வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து ஏன் காணாமல் போகிறது என்று இப்போது புரியும். திரையில் மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, 93. நூறின் மேல் தொண்ணூற்று மூன்றை எழுதினால் யாருக்குத் தெரியும்? தம்பியின் பனரில் 7இன் மேல் 21. வேறு வேறு நிறம்தான், ஆனால் கண்ணின் கணக்கில் இரண்டும் இருட்டு. அம்பாறைப் பக்கம் யானைக்காக நட்டிருக்கும் மஞ்சள் பலகையில் கறுப்பு உருவம் தூரத்திலேயே தெரிவதும் இதே கணக்கால்தான்.

இன்னொரு கோளாறும் உண்டு. கண் வில்லை நீல ஒளியைக் கூடுதலாக வளைக்கும், சிவப்பைக் குறைவாக. இரண்டையும் ஒரே நேரத்தில் கூர்மையாகக் குவிக்க அதற்கு முடியாது. சிவப்பு எழுத்து நீலத்தை விட்டு மிதப்பது போலவும், ஓரம் துடிப்பது போலவும் தோன்றுவது அதனால்தான்.

இதில் தமிழுக்குத்தான் அடி அதிகம். நமது எழுத்தில் பொருளைத் தாங்கி நிற்பது பல இடங்களில் ஒரு சின்னப் புள்ளி. சொந்தக்காரர் ஒருவரின் பல் வைத்திய நிலையத்துக்கு நானே ஒரு பலகை வடிவமைத்தேன், மெல்லிய சாம்பல் பின்னணியில் இளநீல எழுத்து. தூரத்தில் புள்ளிகள் எல்லாம் கரைந்துவிட்டன. 'வைததியர' என்று ஒரு சொல் இல்லாததால் அதை மூளையே திருத்திக்கொள்ளும். 'பல' என்ற சொல் இருக்கிறதே! "பல வைத்தியர்" இருக்கிறார்கள் என்று நம்பி முழங்கால் வலியோடு ஒரு ஆச்சி ஏறி வந்துவிட்டார்.

போன் செயலி செய்கிறவர்களுக்கு இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஒரு அளவே வைத்திருக்கிறது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5க்கு 1. கணக்குப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் 5 கூட்டுவார்கள், திரையில் வந்து விழும் வெளி வெளிச்சத்துக்காக. அப்படிப் பார்த்தால் தம்பியின் பனர் 26க்கு 12, இரண்டை எட்டிப்பிடிக்கிறது, அவ்வளவுதான். அந்த 5 அறைக்குள் இருப்பவருக்குச் சரி. கல்லடிக் கடற்கரையில் நடுப்பகலில் போனைத் திறந்து பாருங்கள். அந்த 5ஐயும் சேர்த்துப் பின்னணி 100, எழுத்து 20 என்றால் ஐந்துக்கு ஒன்று, நல்ல விகிதம். வெயில் இரண்டின் மேலும் இன்னொரு 100ஐக் கொட்டினால் 200க்கு 120. நிறம் எதுவும் மாறவில்லை, விகிதம் இரண்டுக்கும் கீழே போய்விட்டது. குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு வெள்ளையில் சாம்பல் எழுத்துப் போடுகிறவர்களை ஒரு நாள் வாவியில் தோணியில் ஏற்றிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தம்பிக்குத் திரும்ப எழுதினேன். அந்த இரண்டு நிறமும் ஏன் என்று கேட்டால், தலைவருடைய ராசி நிறமாம். ராசி நிறம் சட்டைக்கு இருக்கட்டும், மோட்டார் சைக்கிளுக்கும் இருக்கட்டும். வாசிக்கப்போவது ஊர்ச் சனத்தின் கண். இனிமேல் அச்சுக்குக் கொடுக்க முன்னர் படத்தைப் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, கையை நீட்டிப் பிடித்து வாசித்துப் பாருங்கள் என்றேன்.

திரும்ப அடிக்கக் காசில்லை, நிறத்தை மாற்றவும் தலைவர் விடமாட்டார். அதற்கும் வழி இருக்கிறது. வள்ளத்தில் பெயர் எழுதும் பழைய பெயின்ரர்கள் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே வெள்ளை வந்துவிட்டால் கண்ணுக்கு வேண்டிய விளிம்பு கிடைத்துவிடும். ஒரு சின்னப் பேணி வெள்ளைப் பெயின்ரும் மெல்லிய தூரிகையும் வாங்கியிருக்கிறார்களாம். புள்ளிகளைச் சுற்றியும் மறக்காமல் இழுக்கச் சொன்னேன்.