ஃபார்மட்: அளவா, வடிவமா?

புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு செல்பேசிக் கடையில் ‘ஃபார்மட் பண்ணிடலாமா?’ என்று கேட்டால், உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடலாமா என்று பொருள். இணையப் புத்தகக் கடையில் அதே சொல், மின்னூல் பி.டி.எஃப். கோப்பாக வேண்டுமா ஈபப் கோப்பாக வேண்டுமா என்று கேட்கிறது. இவ்வூரில் பிரெஞ்சு படித்தவர்களுக்கோ அது புத்தகத்தின் நீள அகலம்.

மூன்றில் மூத்தது பிரெஞ்சுக்காரர் பொருள்தான். லத்தீனில் ‘ஃபார்மா’ என்றால் உரு, வார்ப்பு. அதில் பிறந்த ‘ஃபார்மட்’ முதலில் புத்தகத்தின் அளவைத்தான் குறித்தது. நம் அச்சகத்தில் 16 பக்கத்தை ஒரு ‘ஃபாரம்’ என்கிறார்களே, அதற்கும் இதே வேர். அந்தப் பொருளுக்குத் தமிழில் புதுச்சொல் தேவையில்லை. ‘நூல் அளவு: டெம்மி’ என்று பதிப்புப் பக்கத்தில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

இணையக் கடையின் ‘ஃபார்மட்’டுக்குக் ‘கோப்பு வடிவம்’ என்பதே சரி. ‘வடிவமைப்பு’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது அட்டை, எழுத்துரு, பக்க அழகு பற்றிய சொல். வடிவம் என்பது கோப்புக்குள் தரவு அடுக்கப்பட்டிருக்கும் முறை. பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து வரும் பின்னொட்டு வெறும் முகவரிச் சீட்டு. மோபி என்ற இன்னொரு வகை மின்னூல் கோப்பின் பின்னொட்டை அழித்து ஈபப் என்று எழுதினால் செயலி திறக்காது. உள்ளே அடுக்கு மாறவில்லையே. காலிபர் போன்ற மென்பொருளில் போட்டு மாற்றினால்தான் வடிவம் மாறும். ஈபப் என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம். இணையப் பக்கங்களைப் போன்ற கோப்புகள்தான் உள்ளே இருக்கின்றன. அதனால்தான் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடிந்துகொள்கின்றன.

பி.டி.எஃப். அப்படி மடியாது. இலவச மின்னூல் தரும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஏ4 பி.டி.எஃப்., 6 அங்குலப் பி.டி.எஃப். என்று தனித்தனியே கொடுப்பது இதற்காகத்தான். கணினிக்கு இரண்டும் ஒரே வடிவம், வேறுபடுவது அளவு. ஏ4 கோப்பை 6 அங்குலக் கருவியில் திறந்தால் ‘ற’வும் ‘ந’வும் எறும்பாகிவிடும்.

காசு கொடுத்து வாங்குவதில் வேறொரு சிக்கல். நகலெடுக்க முடியாதபடி அடோபி நிறுவனத்தின் பூட்டுப் போட்ட ஈபப்பைத் தரவிறக்கினால் முதலில் வருவது ஏ.சி.எஸ்.எம். என்ற சில கிலோபைட் கோப்பு. அது நூல் அல்ல, அனுமதிச் சீட்டு. அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் போன்ற மென்பொருளை நிறுவி, அடோபி கணக்கால் அங்கீகரித்து, அதில் திறந்தால்தான் நூல் இறங்கும். சீட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ‘திறக்கவில்லை’ என்பதில் பயனில்லை.

அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் யு.எஸ்.பி. வடம் வழியே ஈபப்பைப் போட்டால் கருவியின் நூல் பட்டியலில் தெரியாது. பூட்டில்லாத ஈபப்பை ‘சென்ட் டு கிண்டில்’ என்ற சேவை வழியாக அனுப்பினால், அமேசானே தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும்.

செல்பேசிக் கடைச் சொல்லுக்குக் கலைச்சொல் பட்டியல்கள் ‘வடிவூட்டல்’ என்கின்றன. கடைக்காரருக்கும் புரியாது, வாடிக்கையாளருக்கும் புரியாது. ‘எல்லாத்தையும் அழிச்சிடலாமா?’ என்று கேட்டால், ‘இருங்க, புத்தகத்தையெல்லாம் முதல்ல எடுத்துக்கறேன்’ என்று சொல்ல வாடிக்கையாளருக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.