மெலாக்சிகாம் கேட்காது என்று சொல்பவர்களுக்கு

மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம், சிறியூர் பக்கம் மாடு வைத்திருப்பவர்களும், அங்கே ஊசிப் பையோடு போகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும். மேலே ஊட்டி, கோத்தகிரியில் வேலை பார்க்கும் இளைய மருத்துவர்களும்தான். டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி போட்ட மாட்டைத் தின்று பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) சாகின்றன, அதனால் அது மாட்டுக்குக் கூடாது என்று தடை வந்தது 2006இல். அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் இப்போது கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறார்கள். பாறுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் என்ற வலி ஊசி இருந்தும், நாம் இன்னும் அதே ஊசியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அண்மையில் சீகூர் பக்கம் ஒரு தொழுவத்துக்குக் கூப்பிட்டார்கள். கன்று போட்ட மறுநாளே படுத்துவிட்ட கலப்பின ஜெர்சி. நான் போய்ச் சேருவதற்குள் உயிர் போயிருந்தது. கழுத்தை விலாப் பக்கம் மடித்தபடியே கிடந்தது. முதல் நாளே காது சில்லென்று ஆகிவிட்டதாம், சாணியும் போடவில்லையாம். படித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை, பால் காய்ச்சல். நேரத்தோடு நரம்பில் கால்சியம் ஏற்றியிருந்தால் பெரும்பாலும் எழுந்து நின்றிருக்கும். ஆனால் தீவனத் தொட்டியின் ஓரத்தில் கிடந்தவை கழுத்து உடைத்த 3 மில்லி ஆம்பூல்கள். மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக். "இடுப்பு புடிச்சிருக்குன்னு சொல்லிப் போட்டாங்க சார்" என்றார் அந்த அம்மா. மாட்டைக் காட்டோரம் இழுத்துப் போட வண்டிக்கும் சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்த 3 மில்லி ஆம்பூலுக்கே ஒரு காரணம் இருக்கிறது. மனிதர்களுக்கான பெரிய பாட்டில்கள் மாட்டுக்குப் போவதைத் தடுக்கத்தான் 2015இல் ஒரு வேளைக்கான சிறு ஆம்பூலாக மட்டுமே விற்க வேண்டும் என்று ஆணை வந்தது. நம் ஆட்கள் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்து சிரிஞ்சில் சேர்க்கிறார்கள்.

மருந்து உடம்பில் இருக்கும்போதே மாடு இறந்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் கெட்டு சில நாளில் செத்துப்போகும். வெண்முதுகுப் பாறுகள் 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் 99.9 சதவீதம் அழிந்தன. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. இதற்கு எல்லா மாட்டிலும் மருந்து இருக்க வேண்டியதில்லை, நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இருந்தாலே போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சடலத்தில் ஒரு கூட்டமே இறங்கும், ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். மாயாற்றங்கரை நீர்மத்தி மரங்களில் கூடு கட்டுகிறவை தென்னிந்தியாவில் மிஞ்சியிருக்கும் மிகச் சிலவற்றில் சேர்த்தி.

இதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் போடுகிறார்கள் என்று கேட்டால் வரும் பதில்தான் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது: "மெலாக்சிகாம் கேட்கிறதில்லை சார்."

எவ்வளவு போட்டீர்கள்? பத்து மில்லி. மாடு எத்தனை கிலோ? முந்நூறு இருக்கும். சரி, கணக்குப் போடுவோம். கிலோவுக்கு அரை மில்லிகிராம் வீதம் முந்நூறு கிலோவுக்கு 150 மில்லிகிராம் வேண்டும். கையில் இருப்பது மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள பாட்டில் என்றால் 30 மில்லி. பத்து மில்லி போட்டால் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. மில்லிக்கு 20 மில்லிகிராம் உள்ள பாட்டிலானால் ஏழரை மில்லி போதும். இரண்டு வகையும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், லேபிளைத் திருப்பிப் பார்க்காமல் ஊசியில் இழுக்காதீர்கள். அரைகுறையாகப் போட்டுவிட்டு மருந்தைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்? முழு அளவு போன மாட்டில் ஒரு நாளுக்கு மேல் நிற்கும் மருந்து இது. மூன்று நாள் காய்ச்சலில் விறைத்து நொண்டுகிற மாட்டுக்குப் போட்டுவிட்டுப் பாருங்கள். அரை மணியில் துள்ளி எழ வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நீர்ச்சத்து வற்றிய மாடாக இருந்தால் முதலில் குளுக்கோஸ், சலைன் ஏறட்டும்.

மெலாக்சிகாம் வேண்டாம் என்றால் டோல்ஃபினமிக் அமிலம் இருக்கிறது, அதுவும் பாறுகளுக்குத் தீங்கில்லாதது.

இன்னொரு சாமர்த்தியம்: "டைக்ளோஃபெனாக் இல்ல சார், அசிக்ளோஃபெனாக்." மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. அதனால்தான் அதையும், கீட்டோபுரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்தையும் 2023 ஜூலையில் மாட்டுக்குத் தடை செய்தார்கள். அதே வகை மருந்தான நிமிசுலைடுக்கு 2024 டிசம்பரில் தடை வந்தது. ஃப்ளுனிக்சின் என்ற வலி மருந்துக்கு நாடு தழுவிய தடை இல்லாவிட்டாலும் அதுவும் பாறுகளுக்கு ஆகாதது. சீகூர் பக்கம் அதைத் தொடவே வேண்டாம்.

"எங்க ஊர்ல பாறே கிடையாதே" என்று குன்னூரில் இருந்து சொல்லாதீர்கள். பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் பறக்கும். நீங்கள் ஊசி போட்ட மாடு மறுநாள் விலைபோய் எந்தப் பட்டிக்கு இறங்குகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

மருந்துக் கடைக்காரர்களே, மாட்டுக்கு என்று கேட்டு வருபவருக்கு மனிதர் ஆம்பூலை எடுத்துக் கொடுக்காதீர்கள். மருத்துவர் சீட்டைக் கேளுங்கள், சீட்டில் டைக்ளோஃபெனாக் எழுதியிருந்தால் எழுதியவரையே கூப்பிட்டுக் கேளுங்கள்.

மாடு வளர்ப்பவர்களுக்கு என் வேண்டுகோள் வேறு. உங்களுக்கு அந்த ஒரு மாட்டில்தான் பால் பணமும் பிள்ளையின் பீஸும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கன்று போட்ட சில நாளில் மாடு படுத்தால் வலி ஊசி தேடி ஓடாதீர்கள். கால்சியம் ஏற்ற ஆள் வரும்வரை மாட்டைச் சாய்ந்து விழவிடாமல் நெஞ்சின் மேல் உட்கார வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். யார் எந்த ஊசி போட்டாலும் காலி பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தடை செய்த ஊசி போட்ட சில நாளில் மாடு இறந்தால் ஆழக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும், காட்டோரம் போடக் கூடாது. அந்த அம்மாவின் மாட்டையும் அப்படித்தான் புதைத்தோம். திடீரென்று செத்து மூக்கு, ஆசனவாயில் உறையாத ரத்தம் வந்திருந்தால் அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், மருத்துவர் வந்து பார்க்கும்வரை நாய்களை அண்டவிடாதீர்கள். புலி அடித்த மாட்டில் விஷம் வைக்காதீர்கள், இழப்பீட்டுக்கு வனத்துறையில் எழுதிக் கொடுங்கள். ஊசியோ நோயோ விஷமோ இல்லாமல் இறந்த மாட்டை மட்டும் புதைக்காமல் விடலாம். அதற்கும் முன்னால் வனக்காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லி, எங்கே போடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.