ஆனிக்கு ஏன் 32 நாள்?

2024 ஜூலை 16 அன்று நாள்காட்டித் தாளைக் கிழிக்கப் போனபோது 'ஆனி 32' என்று இருந்தது. அச்சுப் பிழையோ என்று ஒரு கணம் சந்தேகம். அதே ஆண்டின் மார்கழியோ 29 நாளில் முடிந்து, மறுநாள் பொங்கல் வந்துவிட்டது.

தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம். எல்லா ராசிக்கும் அதே 30 பாகைதான். ஆனால் மிதுனத்தைக் கடக்க, அதாவது ஆனிக்கு, பஞ்சாங்கக் கணக்குப்படி ஏறத்தாழ 31 நாள் 36 நாழிகை ஆகிறது (ஒரு நாளுக்கு 60 நாழிகை). மார்கழிக்கு 29 நாள் 20 நாழிகை போதும். நாழிகைக் கணக்கை நாள்காட்டியில் அச்சடிக்க முடியாதே. அதனால் ஒரு வழக்கம்: சூரியன் மறைவதற்குள் ராசி மாறினால் அன்றே மாதப்பிறப்பு, அதற்குப் பின் மாறினால் மறுநாள். இந்தக் கணக்கில்தான் ஆனி சில ஆண்டு 31, பல ஆண்டு 32 என்று வருகிறது.

சரி, ஆனிச் சூரியனுக்கு என்ன அப்படி ஒரு நிதானம்? உண்மையில் நிதானம் பூமிக்குத்தான். அதன் பாதை சற்றே நீண்ட வட்டம். ஜூலை தொடக்கத்தில், ஆனி நடுவில், சூரியனிலிருந்து 15.2 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். மார்கழி நடுவில் 14.7 கோடி. தள்ளிப் போகப் போகச் சூரியனின் இழுப்பு குறையும், பூமியின் ஓட்டமும் தளரும். மார்கழியில் நொடிக்கு 30.3 கிலோமீட்டர் ஓடுகிற பூமி, ஆனியில் 29.3தான் ஓடுகிறது. ஜெர்மன் வானியலாளர் கெப்ளர் 1609-இல் வெளியிட்ட விதி இதைத்தான் சொல்கிறது.

தொலைவில் இருக்கிறோம், அப்படியானால் குளிர வேண்டாமா? வேண்டாம். வெயிலைத் தீர்மானிப்பது தூரமல்ல, பூமி அச்சின் 23.4 பாகைச் சாய்வு. வடகோளம் சூரியன் பக்கம் அதிகம் சாய்கிற ஜூன் 21-உம் ஆனியில்தான் வருகிறது. பூமி முழுவதற்கும் சராசரி எடுத்தாலும் ஜூலைதான் சூடு அதிகம். வடகோளத்தில் நிலம் அதிகம். கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாகும்.

எனக்கு வியப்பு இதில்தான். நீள்வட்டம் என்ற பேச்சே இல்லாத காலத்தில், சூரியன் மிக மெதுவாகப் போகும் இடத்துக்கு மந்தோச்சம் என்று பெயர் வைத்து, அது மேஷத் தொடக்கத்திலிருந்து 77 பாகையில் இருப்பதாகச் சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் சொல்கிறது. மிதுனம் 60-இல் தொடங்கி 90-இல் முடிகிறது. இன்றைய கணக்கில் அந்த இடம் சுமார் 79.