சூழல் மாறி

காரைக்குடிப் பக்கம் கணினி படிக்கும் பிள்ளைகள் ‘என்விரான்மென்ட் வேரியபிள்’ என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். தமிழில் எழுத முனைகிறவர்களோ மொழிபெயர்ப்புக் கருவி தரும் ‘சுற்றுச்சூழல் மாறி’யை அப்படியே எடுத்து வைக்கிறார்கள். அது வேண்டாம். சுற்றுச்சூழல் என்றால் காற்றும் ஊருணியும்தான் நம் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது, ஒரு நிரல் இயங்கும்போது அதைச் சூழ்ந்து நிற்கும் தகவல்களைப் பற்றி. ‘சூழல் மாறி’ என்பதே பொருந்தும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு. அதில் ‘விரோன்’ என்றால் வட்டம். நம் ‘சூழ்’ என்ற வினையும் வளைத்து நிற்பதையே குறிக்கிறது. ‘மாறி’ பள்ளிக் கணக்கிலேயே பழகிய சொல், மாறாதது மாறிலி. ஆனால் ஜாவா மொழியில் எழுதிய நிரல் ஒன்று தன் சூழல் மாறிகளின் பட்டியலைப் படிக்கலாமே தவிர, திருத்த முடியாது. பிறகு ஏன் மாறி? நிரல் அதுவே இருக்க, இயங்கும் இடத்துக்கு ஏற்ப மதிப்பு மாறுவதால்.

பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில், 1979இல், இந்த வசதி வந்தது. ஒவ்வொன்றும் ஒரு பெயர், ஒரு மதிப்பு. ஒரு நிரல் இன்னொன்றைக் கிளப்பும்போது இவற்றின் படி, அதாவது நகல், ஒன்று அதற்குப் போகிறது. செட்டிநாட்டாருக்கு இதை விளக்குவது எளிது. பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது முதலாளிக்காக வட்டித் தொழில் நடத்த, போன மேலாளிடம் முதலாளியின் குறிப்பு ஒன்றின் படி இருந்ததாகக் கொள்ளுங்கள். ரங்கூனில் அவர் அதில் ஒரு வரியைத் திருத்தினால், அவருக்குக் கீழுள்ள அடுத்தாளுக்குத் திருத்திய படியே கிடைக்கும். ஊரில் முதலாளி வைத்திருக்கும் மூலம் மாறாது.

இனி, திட்டத்தின் கட்டுமான அமைவில், அதாவது நிரலைக் கட்டி மென்பொருளாக்கும் விதத்தைச் சொல்லும் கோப்பில், இதைக் குறிப்பது. ஆத்தங்குடிக் கல் பட்டறை ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சோதித்துப் பார்க்க ஒரு தரவுத்தளம், பட்டறையின் உண்மைக் கணக்குக்கு இன்னொன்று. தரவுத்தளத்தின் முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதினால் ஒவ்வோர் இடத்துக்கும் நிரலைத் திருத்த வேண்டிவரும். ஆகவே அதைச் சூழல் மாறியில் வைக்கிறோம். கிரேடில் என்ற கட்டுமானக் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் பில்ட் கோப்பில் சோதனைப் பணியின் கீழ் ‘என்விரான்மென்ட்’ என்று ஒரு வரி எழுதுகிறார்கள். மேவன் என்ற வேறொரு கட்டுமானக் கருவியை வைத்திருப்பவர்கள் அதன் பாம் கோப்பில், சோதனைகளை ஓட்டும் ஷ்யூர்ஃபயர் செருகியின் கீழ் எழுதுகிறார்கள்.

பலர் தடுமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். அங்கே எழுதிய மதிப்பு, சோதனைக்காகக் கிளம்பும் நிரலுக்கு மட்டுமே கிடைக்கும். கட்டி முடித்த மென்பொருளோடு அது பட்டறைக்குப் போகாது. பட்டறைக் கணினியில் தனியே அமைக்க வேண்டும். கடவுச்சொல்லை அமைக்க வேண்டிய இடமும் அந்தக் கணினிதான். கட்டுமானக் கோப்பில் எழுதினால், நிரலோடு சேர்ந்து, அதன் எல்லாப் பதிப்புகளையும் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்துக்குள் போய்விடும். பின்னால் அந்த வரியை அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது இருந்துகொண்டே இருக்கும். கடவுச்சொல்லையே மாற்றியாக வேண்டும்.